பத்துக்குப் பத்து

மார்ச் 3

அன்புள்ள பாப்பாவுக்கு அத்தை எழுதறது. சாமி புண்ணியத்துல நான் நல்லா இருக்கேன். போன்ல "சாப்பிட்டியா"ன்னு கேட்டா நாலு வார்த்தையில வெச்சுடற. கடுதாசியை நடுவுல வைக்க முடியாதுல்ல!

பாரம் தூக்கறவங்களுக்குன்னு நீ செஞ்சனுப்பின முதுகுச் சட்டத்தை ஆறு நாளா மாட்டிக்கிட்டுத்தான் வேலை. ஆஸ்பத்திரி லாண்டரியில ஈரப் போர்வையை அள்ளக் குனிஞ்சா, பின்னாலேர்ந்து யாரோ இடுப்பைப் புடிச்சுத் தூக்கிவிடற மாதிரி இருக்கு. முதல் நாள் "யாருடி அவ?"ன்னு திரும்பியே பார்த்துட்டேன். இஸ்திரிக்காரர், "அக்காவுக்கு எலும்பு வெளியில முளைச்சிருச்சு"ங்கறார்.

சாயங்காலம் உங்க ஆபீஸ்லேர்ந்து சட்டத்தைச் சோதிக்கற பொண்ணு வந்து, "முதுகுக்குப் பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்கம்மா"ங்கும். நீ செஞ்ச சாமானுக்குக் குறைச்சுப் போடுவேனா? உன் வேலை நிலைக்கணும்னு வேண்டிக்கிட்டு தினமும் பத்துதான். அந்தப் பொண்ணுக்கு ஏனோ மூஞ்சி வாடிப்போவுது. பொறாமை போல.

அத்தை

மார்ச் 9

அத்தை,

சாப்பிட்டேன். கடுதாசிக்கு முந்தி அந்தப் பொண்ணு உங்க நம்பரைக் குறிச்ச தாள் வந்துச்சு. பார்த்துட்டு அழுதுட்டேன். அது வலிக்கான நம்பர் அத்தை. பூஜ்யம்னா வலியே இல்ல, பத்துன்னா தாங்க முடியாத வலி.

மேலதிகாரி சட்டத்தை மூட்டை கட்டச் சொல்லிட்டார். உங்க கடுதாசியைக் காட்டினேன். "சொந்தக்காரங்க மாத்திப் பேசறாங்க"ன்னுட்டார். கெஞ்சினதுல இன்னும் ஒரு வாரம். அதுலயும் தேறலைன்னா எனக்கு வேலை இல்ல. சோதனை முடியற வரை நான் அந்தப் பக்கம் வரவும் கூடாது. எனக்காக எதுவும் சொல்லாதீங்க. உங்க உடம்பு சொல்றதைச் சொல்லுங்க.

பாப்பா

மார்ச் 18

பாப்பா,

படிச்சதுலேர்ந்து தலை சுத்துது. எங்க பள்ளிக்கூடத்துல பூஜ்யம் வாங்கினா பெஞ்சு மேல ஏத்துவாங்க. உங்க ஆபீஸ்ல அதான் முதல் மார்க்கா?

அந்தப் பொண்ணு கேக்கறப்பல்லாம் பூஜ்யம் நாக்கு நுனியில வந்து நின்னுச்சு. சொன்னா நீ பொழைப்ப. முன்ன தெரியாமச் சொன்னதைச் சாமி மன்னிச்சிருக்கும், தெரிஞ்சே பொய் எப்படிச் சொல்ல? முதுகு ரெண்டுன்னேன். சத்தியமா ரெண்டுதான், சட்டம் இல்லாதப்ப ஏழு. அத்தோட வாயை மூடியிருக்கலாம். தோள் வார் அறுத்துப் புண்ணாகி ரவிக்கை ஒட்டிக்கிது பாப்பா. தோள் எட்டுன்னு அதையும் சொல்லித் தொலைச்சேன். உனக்கு நல்லது பண்ணேனா, கெடுத்தேனா? ஒண்ணும் புரியல. திட்டறதா இருந்தாலும் எழுதித் திட்டு.

அத்தை

மார்ச் 26

அத்தை,

தோளுக்கு எட்டுன்னு பார்த்ததும் மேலதிகாரி, "மருமகளுக்காகப் பேசறவங்க இதைச் சொல்ல மாட்டாங்க"ன்னார். அப்புறம்தான் அந்த ரெண்டையும் நம்பினார். சட்டம் தேறிடுச்சு. வாரை மட்டும் மாத்தறேன், தோள் அளவு அனுப்புங்க.

ஒண்ணு கேக்கணும். ஏழு வலியோட இத்தனை வருஷமா "நல்லா இருக்கேன்"னுதானே எழுதினீங்க? இனிமே அதை எழுதாதீங்க. நம்பர் எழுதுங்க.

பாப்பா

ஏப்ரல் 2

அன்புள்ள பாப்பாவுக்கு அத்தை எழுதறது. சாமி புண்ணியத்துல முதுகு ரெண்டு, தோள் நாலு. அளவு நூல் இதுலயே வெச்சிருக்கேன்.

சோதனைதான் முடிஞ்சுதே, உன்னைப் பார்த்து எட்டு மாசமாச்சு. அதுக்கு என்ன நம்பர் போடறதுன்னு ரொம்ப நேரமா யோசிக்கிறேன், தெரியல. நீயே வந்து போட்டுக்கோ.

அத்தை