துடைத்த வட்டம்

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் எழுந்ததும் எங்களுக்கு முதல் நினைப்பு. உன் கடிதம் போன வாரம் வந்தது. அம்மா அதை மூன்று முறை படித்துவிட்டு, சாப்பாட்டைப் பற்றி இவள் ஒரு வரிகூட எழுதவில்லை, அப்படியென்றால் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். முழங்கால் வலிக்கு மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், இவளோ துணி காயப்போட ஒரு நாளைக்கு நான்கு முறை ஏறுகிறாள், கேட்டால் டாக்டரா வந்து காயப்போடுவாரு என்கிறாள். உன் தம்பிக்கு அந்த லிஃப்ட் கம்பெனியில் வேலை நிரந்தரமாகிவிட்டது. அன்றிலிருந்து எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் துரை படியில்தான் ஏறுகிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவனுக்குத்தான் பயம் வரும் போலிருக்கிறது.

மர மில்லில் பெரிய ரம்பம் இன்னும் என் பொறுப்பில்தான். காலையில் இப்போதெல்லாம் நான்தான் முதலில் போகிறேன். மேல் சக்கரத்திலும் கீழ்ச் சக்கரத்திலும் ஒட்டியிருக்கும் பிசினைச் சுரண்டி, தூளை ஊதித் தள்ளி, பேரிங்குக்கு கிரீஸ் வைத்து, பிளேடை இறுக்கி, கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்த பிறகுதான் சுவிட்சைத் தொடுகிறேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ரம்பம் நிற்கும்போது மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, மேலே சாக்குக்கட்டி பூசி, விரிசல் இருக்கிறதா என்று சோதிக்கிறேன். சாயங்காலம் பிளேடைத் தளர்த்தி, துடைத்து வைத்துவிட்டுக் கிளம்புகிறேன். நான்கு வருஷம் அதோடு மல்லுக்கட்டிய உனக்குத் தெரியாததில்லை. நான் பிளேடைத் துடைப்பதைப் பார்த்து, எங்கள என்னிக்காவது இப்படிக் குளிப்பாட்டியிருக்கீங்களாப்பா என்று கேட்பாயே, இப்போது அப்படிக் கேட்க ஆள் இல்லை.

விசில் மாமா போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது. அவர் நின்ற இடத்தில் வேறொருவர் மரம் தள்ளுகிறார், நல்ல மனிதர், வாயைத் திறக்கவே மாட்டார். ஆனால் சுவிட்சை அணைத்த பிறகு, ரம்பம் ஓய்ந்து நிற்கப் போகும் கடைசிச் சில நொடிகளில் எனக்கு விசில் கேட்கிறது. கட்டையை உருட்டும்போது மாமா அடிப்பாரே, அதே பாட்டு, பாதியில் நின்றுபோகிறது. பிளேடை நேராகப் பிடிக்கும் கைடு தேய்ந்திருக்கும் என்று மாற்றினேன், பேரிங்கையும் மாற்றினேன், போகவில்லை. பட்டப்பகலில் பத்துப் பேர் நடுவில் கேட்கிறது. பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டால், ரம்பம்னா சத்தம் வராம இருக்குமாண்ணே என்கிறார். அதைவிட மோசம் மதியச் சோதனை. விரிசலுக்குள் இறங்கிய மண்ணெண்ணெய் சாக்குக்கட்டியில் ஊறிக் கறுப்புக் கோடாகத் தெரியும் இல்லையா, இப்போது எந்தப் புது பிளேடில் பூசினாலும், இரு முனையையும் சேர்த்துப் பற்றவைத்த இடத்திலிருந்து ஏழாவது பல்லுக்குக் கீழே அந்தக் கோடு எனக்குத் தெரிகிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் இல்லை, தலையைத் திருப்பினால் இருக்கிறது. இப்படி ஐந்து நல்ல பிளேடுகளைக் கழற்றிப் போட்டுவிட்டேன். ஸ்டோர்காரர், உனக்கு பிளேடு வேணாம்ணே, மூக்குக்கண்ணாடிதான் வேணும் என்று சிரிக்கிறார். நானும் சிரித்து வைக்கிறேன். ஏன் ஏழாவது பல் என்று நீ கேட்பாய். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், லிஃப்ட், முழங்கால் என்று ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

விசில் மாமாவின் மனைவி இப்போது எங்கள் மில்லிலேயே பலகை அடுக்கும் பக்கம் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். போன செவ்வாய்க்கிழமை மதியம் நான் சாக்குக்கட்டி பூசிக்கொண்டிருந்தபோது என்னிடம் வந்து, அண்ணே, பாப்பாவுக்குக் கடுதாசி போட்டா நான் சொன்னேன்னு எழுதுங்க, அவ மேல எனக்கு இப்ப கோவம் இல்ல, சின்னப் பொண்ணு, கை பிளேட கொஞ்சம் கூடுதலா இறுக்கிடுச்சு, வேணும்னேவா செஞ்சா, இத்தனை நாளா மனசுல வெச்சிருந்தேன், விட்டுட்டேன் என்றாள். பெரிய மனசு பண்ணி உன்னை மன்னித்தாள், மகளே. நீ செய்யாத ஒன்றுக்காக.

நீ கூடுதலாக இறுக்கவே இல்லை. மாமா போனதற்கு முந்தின நாள் மதியச் சோதனையில் ஏழாவது பல்லுக்குக் கீழே எள்ளளவு விரிசலை நான் பார்த்தேன். சிவப்புச் சாக்குக்கட்டியால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். இன்னும் நாலைந்து கட்டைதானே, தாங்கும், சாயங்காலம் மாற்றிக்கொள்ளலாம் என்று ஓட்டச் சொல்லிவிட்டேன். சாயங்காலம் பிளேடைத் தளர்த்தினேன், மண்ணெண்ணெய்த் துணியை எடுத்தேன், இருபது வருஷப் பழக்கம், கை தன் பாட்டுக்கு பிளேடு வளையம் முழுக்கத் துடைத்துக்கொண்டே போயிற்று. என் வட்டத்தையும் சேர்த்து நானே துடைத்துவிட்டேன். வட்டம் போனதோடு விரிசலும் என் மனசிலிருந்து போய்விட்டது. பளபளவென்று இருந்த அந்த பிளேடைத்தான் மறுநாள் காலையில் நீ இறுக்கினாய். இரண்டு சுற்றுக் கையால் சுற்றிப் பார்த்தாய், சரியாகத்தான் செய்தாய். மூன்றாவது கட்டையில் அறுந்து மாமா மேல் பாய்ந்தது. அறுந்த துண்டை நான் கையில் எடுத்தபோது, முறிந்த இடத்தில் பாதி கறுப்பாகவும் பாதி புதுசாக மின்னிக்கொண்டும் இருந்தது. கறுப்பு, பழைய விரிசல். அந்த நிமிஷமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. யாரும் பார்ப்பதற்குள் துண்டைப் பழைய இரும்புக் குவியலில் போட்டேன். யார் இறுக்கினது என்று மேனேஜர் கேட்டார், நான்தான் என்று நீ சொன்னாய். நேற்று பிளேடு எப்படி இருந்தது என்று என்னைக் கேட்டார், நல்லாத்தான் இருந்துச்சு என்றேன். சின்னப் பெண் செய்தது என்றால் விட்டுவிடுவார்கள், இருபது வருஷம் வேலை பார்த்தவன் என்றால் உள்ளே தள்ளுவார்கள் என்று மனசுக்குள் ஓடியது. உன்னை விட்டுவிட்டார்கள்தான். நீதான் உன்னை விடவில்லை. குழாயைக்கூட இறுக்கி மூடக் கை வரவில்லை, சொட்டுகிறது என்று வீட்டுக்காரர் சத்தம் போடுகிறார் என்று எழுதியிருந்தாய். அம்மா அதைப் படித்துச் சிரித்தாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

செவ்வாய்க்கிழமை மாமாவின் மனைவியிடம் அங்கேயே, அந்த இடத்திலேயே நின்று சொல்லிவிட்டேன். அவள் கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். ரம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், அவகிட்ட சொல்லிட்டீங்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்ப மொதல்ல அவகிட்ட சொல்லுங்க, நான் செத்தவருக்காக அழுதேன், நீங்க உசுரோட இருக்கறவள அழ வெச்சிருக்கீங்க என்று சொல்லிவிட்டுப் பலகை அடுக்கப் போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னை அண்ணே என்று கூப்பிடவில்லை. அவளிடம் சொல்லிவிட்டால் விசில் நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை, நேற்றும் கேட்டது. அம்மாவுக்கு இன்னும் தெரியாது, இதைத் தபாலில் போட்டுவிட்டு வந்துதான் சொல்வேன், முதலில் சொன்னால் போட விடமாட்டாள். திங்கட்கிழமை மேனேஜரிடம் எழுதிக் கொடுக்கப் போகிறேன். வேலை போகலாம், அதற்கு மேலும் ஏதாவது வரலாம், அதைப் பற்றி நீ கவலைப்படாதே.

உன்னை வாழ்த்த எனக்கு வாய் இல்லை, இருந்தாலும் பெற்றவன் சொல்கிறேன், நீ நிம்மதியாக, நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. என்னை மன்னித்துவிட்டேன் என்று அவசரப்பட்டு எழுதாதே, கோபம் இருந்தால் இருக்கட்டும், அது உனக்கு வர வேண்டிய கோபம்தான். ஒன்றை மட்டும் மறக்காதே. அப்பா பாவம் என்று இந்தக் கடிதத்தைக் கிழிக்கத் தோன்றும், உன் குணம் எனக்குத் தெரியும், கிழிக்காமல் பத்திரமாக வை. திங்கட்கிழமை மேனேஜர் முன்னால் நின்றதும் நான் பயந்துபோய் மறுபடியும் மாற்றிப் பேசினாலும் பேசுவேன். பேசினால் இதை எடுத்துக் காட்டு.

இப்படிக்கு,
உன் மேல் பழி விழுந்தபோது பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த
உன் அப்பா