ஸ்டெல்லாவின் இங்கிலீஷ்

1965 ஜூன் 14, திங்கள்

வைகாசி முடியப்போகிறது, வெயில் முடிந்தபாடில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டும்வரை பஸ்ஸில் நின்றுகொண்டே.

டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள். மெட்ராஸ் ட்ரங்க் எக்ஸ்சேஞ்சுக்கு ஆப்பரேட்டர் ஒருத்தி வேண்டும். இங்கிலீஷ் பேச்சுப் பரீட்சை உண்டு. இங்கிருந்து ட்ரங்க் கால் போட்டு அங்கே அதிகாரியைப் பிடிக்க வேண்டும். பத்து நிமிஷம் போனிலேயே கேள்வி. பெயர் கொடுத்தது இரண்டே பேர். நானும் கூட வேலை பார்க்கும் ஸ்டெல்லாவும்.

சூப்பர்வைசர் என்னை வைத்துக்கொண்டே சொன்னாள்: "ஸ்டெல்லா பேசினா வெள்ளைக்காரியே தோத்துப் போவா." பற்றிக்கொண்டு வந்தது. கான்வென்டில் படித்தால் யார்தான் பேச மாட்டார்கள்?

மெட்ராஸ் கிடைத்தால்:
எனக்கென்று ஓர் அறை, ஹாஸ்டலானாலும் சரி.
மன்னியின் முகத்தில் காலையில் விழிக்க வேண்டாம்.
பெண் பார்க்க வருகிறவர்களுக்கு பஜ்ஜித் தட்டு தூக்க வேண்டாம்.

ஜூன் 16, புதன்

செருப்பு வார் அறுந்தது. தைக்கக் கொடுக்க வேண்டும்.

கிணற்றடியில் நின்று இங்கிலீஷ் பேப்பரைச் சத்தமாகப் படித்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "யாரைடி இங்கிலீஷ்ல திட்டிண்டிருக்கே?"

எழுதினால் தப்பு வராது. பேசினால்தான் வினை. வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு 'ப்ளீஸ்' வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆறு வருஷம் 'நம்பர் ப்ளீஸ்' சொன்ன பலன்.

டிபன் நேரத்தில் ஸ்டெ. தானே கூப்பிட்டாள். "வா வனஜா, பேசிப் பழகலாம். நான் ஆபீசர், நீ நீயா இரு." என் 'ப்ளீஸ்'களைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். அப்புறம் எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னாள். நல்லவள்தான். அதுதான் இன்னும் எரிச்சல்.

ஜூன் 21, திங்கள்

ஸ்டெல்லாவுக்குப் பரீட்சை. அவள் சூப்பர்வைசர் அறையில் போனும் கையுமாக. லைன் கொடுக்க சுவிட்ச் போர்டில் நான்.

மெட்ராஸுக்கு இரண்டு லைன் காலி. இரண்டாம் லைன், பக்கத்து வீட்டிலிருந்து பேசுகிற மாதிரி கேட்கும். நாலாம் லைனில் எப்போதும் அப்பளம் பொரிகிற சத்தம். இங்கே எல்லோருக்கும் தெரியும்.

கை நாலுக்குப் போய்விட்டது. இப்படி எழுதுவதும் பொய். நான்தான் போட்டேன்.

ஆப்பரேட்டர் ஒட்டுக் கேட்கக் கூடாது. கேட்டேன். அவள் ஒவ்வொன்றையும் மூன்று தடவை கத்தினாள். அந்தப் பக்கம் "வாட்? வாட்?" என்றுகொண்டே இருந்தார். பாதியில் லைனை மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. ட்ரங்க் கால் விவரம் எழுதும் சீட்டில் 'லைன் சரி' என்று எழுதினேன்.

தொண்டை கட்டிப்போய் வெளியே வந்தாள். "அவருக்கு ஒண்ணுமே கேக்கல வனஜா." நான் "அப்படியா?" என்றேன்.

ஜூன் 23, புதன்

என் முறை. போர்டில் ஸ்டெ. அவளும் நாலாம் லைனைப் போட்டால் எந்த முகத்தோடு கேட்பது?

அவள் போட்டது இரண்டாம் லைன். மணி மாதிரி கேட்டது.

முசிறி வாழைக்காய் மண்டிக்காரர் மெட்ராஸ் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தாராம். "பத்து நிமிஷம் இருங்க, முக்கியமான கால் போகுது" என்று ஸ்டெ. அவரை நிறுத்தி வைத்தாளாம். பக்கத்து சீட் மரகதம் சொன்னாள்.

நன்றாகப் பேசினேன். ஒரே ஒரு 'ப்ளீஸ்'தான். ஆனாலும் சந்தோஷமில்லை. இத்தனை நாள் அவளுடைய இங்கிலீஷ் மேல் பொறாமை. இப்போது அவள் மனசு மேலும்.

ஜூலை 5, திங்கள்

ரிசல்ட். நான் பாஸ். ஸ்டெ. ஃபெயில். காரணம்: பேச்சில் தெளிவில்லை. ஸ்டெல்லாவுக்கு! சூப்பர்வைசர் தாளை இரண்டு தடவை படித்தாள்.

ஸ்டெ. வந்து கையைக் குலுக்கினாள். கண் சிவந்திருந்தது. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. இங்கே எழுதாவிட்டால் வேறெங்கே எழுதுவது?

ஜூலை 6, செவ்வாய்

மேகமூட்டம். மழை இல்லை.

சொல்லிவிட்டேன். டிபன் அறையில் நாங்கள் இருவர் மட்டும். "அன்னிக்கு உனக்கு நாலாம் லைன் போட்டேனே, அது வேணும்னுதான்."

ஸ்டெ. டப்பாவை மூடினாள். "தெரியும். அந்த எரைச்சல் எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் எனக்கு ரெண்டு போட்டே? ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"நீயே சொல்லுவேன்னு பார்த்தேன். ரிசல்ட்டுக்கு முன்னாடி."

திட்டியிருந்தால் தேவலை. எழுந்து போய் போர்டில் உட்கார்ந்துவிட்டாள். "நம்பர் ப்ளீஸ்" என்று அவள் குரல் டிபன் அறை வரை கேட்டது.

மூன்று மணிக்கு சூப்பர்வைசர் கூப்பிட்டாள். மேசையில் என் மெட்ராஸ் ஆர்டர். லைன் கெட்டிருந்தது, நான் சீட்டில் எழுதியது பொய் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் ஸ்டெல்லாவுக்கு மறுபரீட்சை வைப்பார்கள். எனக்குத் தெரியும். சூப்பர்வைசர் பேனாவை நீட்டினாள். "மெட்ராஸ் போகச் சம்மதம்னா ஆர்டர்ல கையெழுத்துப் போடும்மா, சாயங்காலத் தபால்ல போகணும்."

போட்டேன்.