ஜெனியின் போன் என் மடியில் இருக்கிறது

என் தங்க அக்காவுக்கு,

கருங்கல் ஊரில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து எழுதுகிறேன். ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. உன் மகள் ஜெனியை இப்போதுதான் ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். அவளுக்கு இது இரண்டாவது பிரசவம். உன்னைப் போலவே இவளுக்கும் பிரஷர்.

"இதோட நிறுத்திக்கணும், அடுத்தது உயிருக்கு ஆபத்து" என்று டாக்டரம்மா காலையில் சொன்னார். குழந்தையை எடுக்கும்போதே கருத்தடையும் செய்துவிடலாமாம். நீ இரண்டாவதைப் பெற்றபோது உனக்கும் இதையேதானே சொன்னார்கள்?

அன்றைக்கு சவுதியிலிருந்த அத்தானுக்குப் போன் போட்டார்கள். போன் அவர் அப்பாவிடம் போனது, அண்ணனிடம் போனது. "ஆம்பளப் பிள்ள ஒண்ணு வரட்டு, பிறவு பாக்கலாம்" என்று முடித்தார்கள். கட்டிலில் கிடந்த உன்னிடம் மட்டும் அந்தப் போன் வரவே இல்லை. அத்தான் தன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டாரே, அதற்கு உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? அடுத்த பிரசவத்தில் நீயும் பிள்ளையுமாகப் போய்விட்டீர்கள். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, அக்கா.

இன்றைக்கு ஜெனியின் மாமியாரும் அவள் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். திரையில் கத்தாரிலிருந்து அவள் கணவன். "அந்த ஆபரேஷன் இப்பம் வேண்டாம் டாக்டர்" என்றான். மாமியார் போனை டாக்டரின் முகத்துக்கு நேரே நீட்டினார். ஜெனி எட்டி அதை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க பேசுங்க, நான் கேக்கேன். ஆனா முடிவு நான்தான் சொல்லுவேன். எனக்க வயிறுல்லா?"

அவன் ஏதேதோ பேசினான். அவள் கேட்டு முடித்துவிட்டு, டாக்டரைப் பார்த்து, "செய்யுங்க" என்றாள்.

"இதுக்கு நீ சொன்னாப் போதும் மக்கா" என்றார் டாக்டர்.

அப்படியானால் அன்றைக்கு நீ சொன்னால் மட்டும் ஏன் போதாமல் போனது?

உள்ளே போகுமுன் ஜெனி போனை என்னிடம் தந்தாள். "சித்தி, அவரு கூப்பிட்டா எடுக்காண்டாம். வெளிய வந்து நானே பேசுதேன்." இப்போது அது அடித்துக்கொண்டே இருக்கிறது. மாமியார் என்னை முறைத்துக்கொண்டிருக்கிறார். இவள் நல்லபடியாக வெளியே வருவாளா? வந்த பிறகு அந்த வீட்டில் நிம்மதியாக இருக்க விடுவார்களா? எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆனாலும் எடுக்க மாட்டேன், அக்கா. அவனைச் சமாதானப்படுத்தவென்றாலும் சரி, அவளுக்குப் பதிலாக நான் பேச மாட்டேன். அவளை வெளியே கொண்டுவந்ததும் போனை அவள் கையில்தான் கொடுப்பேன்.

ஜெனிக்குச் சித்தியான
உன் தங்கை