சேவூரில் திறக்கும் வரைபடம்

இன்று காலை ஒரு சாயப்பட்டறைக்காகச் செய்த இணையப் படிவத்தைச் சரிபார்க்கத் திறந்தேன். வரைபடப் பெட்டி மெதுவாக நிரம்பி, வழக்கம்போல சேவூரில் உன் வீட்டின் மேல் வந்து நின்றது. குடித்துக்கொண்டிருந்த டீ கசந்துவிட்டது. நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. இன்னும் எனக்கு முன்னால் வேலைக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறாய்.

உன்மேல் எனக்கு இருந்தது பொறாமைதான். அதற்கு நாகரிகமான பெயரெல்லாம் வைக்க மாட்டேன். திருநெல்வேலியிலிருந்து வந்த நான் முதல் நாளே உன்னை வாடே போடே என்றேன். நீயோ கடைசிவரை என்னை "வாங்க, போங்க" என்றாய். சண்டை போடும்போதும் அந்த "ங்க" போகாது. பாதி எரிச்சல் அதனாலேயே.

பனியன் கம்பெனிகளுக்குப் படிவம் செய்துகொடுப்பதுதான் நம் அலுவலகத்தின் பிழைப்பு. அவர்களிடம் வேலை வாங்கித் தைக்கும் சின்ன யூனிட்காரர்கள், முகவரி கேட்டால் "டிரான்ஸ்பார்மருக்கு எதுத்த சந்து" என்று எழுதினார்கள். வரைபடத்தில் குறி வைத்து இடத்தைக் காட்டும் பெட்டி ஒன்று வேண்டும், எந்தப் படிவத்திலும் அதையே எடுத்துப் பொருத்த வேண்டும் என்றார் முதலாளி. ஆளுக்கொன்று செய்தோம். தேறுவது என்னுடையதாக இருக்க வேண்டும் என்று நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. இல்லை, தெரிந்திருக்கும்.

என் பெட்டி பார்க்க அழகு. உன்னுடையதில் ஒரு சிவப்புக் குறி மட்டும், இழுத்து வைத்தால் முடிந்தது. யூனிட்காரர்களைக் கூப்பிட்டுச் சோதித்தோம். பலரும் குறியை யூனிட்டில் வைக்காமல் மெயின் ரோட்டு டீக்கடையில் வைத்தார்கள்.

"என்னடே இது, சொந்த யூனிட் எங்க இருக்குன்னே தெரியலியே இவங்களுக்கு!" என்று சிரித்தேன். குறி யூனிட்டின் மேல்தான் இருக்க வேண்டும் என்று என் பெட்டியில் ஓர் எச்சரிக்கையும் போட்டேன்.

நீ சிரிக்கவில்லை. "தப்பா வைக்கலீங்க. சந்துக்குள்ள லாரி போகாதுங்களே. பண்டல் எறங்கற எடத்தைக் காட்டறாங்க" என்றாய். மதியச் சாப்பாட்டுக்குள் உன் பெட்டியில் இரண்டாவது குறி வந்துவிட்டது. ஒன்று யூனிட், இன்னொன்று வண்டி நிற்கும் இடம்.

"கண்ணு, இதையே எல்லாத்துக்கும் போட்டுரு" என்று முதலாளி உன் முதுகில் தட்டினார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அதே டீக்கடையில் தினமும் நின்று டீ குடிப்பவன் நான். லாரியை நானும்தான் பார்த்தேன். எனக்கு ஏன் தோன்றவில்லை?

பெட்டி முதலில் திறக்கும் இடமாக உன் வீட்டைப் போட்டிருந்தாய்; இரண்டாவது குறி உன் சந்து முனையில். கேட்டதற்கு, "எங்க ஊடுதானுங்க, இருந்துட்டுப் போகட்டும்" என்றாய். பிறகு காய்ச்சல் என்று ஊருக்குப் போனாய், திரும்பவில்லை. துக்கத்துக்கு வந்தபோது நான் யாரிடமும் வழி கேட்கவில்லை. உன் இரண்டாவது குறி இருந்த இடத்தில்தான் பஸ் நின்றது. அங்கிருந்து அழுதுகொண்டே சந்துக்குள் நடந்தேன்.

இப்போது படிவமெல்லாம் என் பொறுப்பு. உன் பெட்டியை ஒவ்வொரு படிவத்திலும் நானே பொருத்துகிறேன். பொருத்தும்போதெல்லாம் வயிறு பழையபடி எரிகிறது. உன்னைத் தெரியாதவர்கள் எல்லாம் முதலில் உன் வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் தங்கள் இடத்துக்கு நகர்கிறார்கள். என் வீட்டை யார் பார்த்தார்கள்? பெட்டியின் நிரலில் ஒரு வரியை மாற்றினால் போதும். பலமுறை அந்த வரி வரை கை போயிருக்கிறது. மாற்றிவிட்டால், அப்புறம் நான் பொறாமைப்பட இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்?

சாயப்பட்டறைப் படிவத்தை அப்படியே அனுப்பிவிட்டேன். அதுவும் சேவூரில்தான் திறக்கும்.