குளுவானும் பொடி மீனும்

ஆவணி, சனிக்கிழமை.

புரோட்டான்கள் மோதும்போது தெறிக்கும் நுண்துகள் குவார்க்கோ குளுவானோ, தனியாகக் கண்ணில் படாது. அது சிதறி உண்டாக்கும் துகள்கூட்டத்தை வைத்துத்தான் எதுவென்று சொல்ல வேண்டும். ஒரு மாதமாக என் கணினிப் புரோகிராம் இரண்டையும் குழப்பியது. திங்களுக்குள் சரியாகாவிட்டால் ஆய்வுத் தலைப்பையே மாற்று என்று கைடு சொல்லிவிட்டார்.

காலையில் பட்டினச்சேரியில் அக்கா வீட்டில் மச்சான் மீன் பிரித்துக்கொண்டிருந்தார். உதவுகிறேன் என்று பொடி மீனை எல்லாம் ஓரமாகத் தள்ளினேன்.

"அதத் தள்ளாத மாப்ள. எந்தக் கூட்டம் வலையில வந்துச்சுன்னு பொடிதான் சொல்லும். இதக்கூடவா படிக்கல?"

குவார்க்கைவிடக் குளுவான்தான் பொடித்துகள்களை அதிகம் இறைக்கும். அவற்றைக் குப்பை என்று புரோகிராமின் முதல் வரியிலேயே கழித்துக்கட்டியவன் நான். அக்கா தந்த காபியைக்கூடக் குடிக்காமல் அறைக்கு ஓடிவந்து அந்த வரியை அழித்தேன். மாலைக்குள் குவார்க்கும் குளுவானும் தனித்தனியாகப் பிரிந்து நின்றன.

ஆய்வேட்டின் நன்றியுரையில் மச்சான் பெயர்தான் முதலில். கைடு இரண்டாவது. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.