ஒரு மணிக்கு வராத கேள்வி

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? மாடியேறித் துணி காயப்போடாதீர்கள் என்றால் எங்கே கேட்கிறீர்கள்!

இங்கே என் வேலை, சர்வர்களை இயக்கும் சாஃப்ட்வேரை இளைக்க வைப்பது. வேண்டாததை வெட்டினால் அது கண்மூடித் திறப்பதற்குள் எழுந்து ஓடும். போன வாரம் ஒவ்வொரு நாட்டு நேரமும் உள்ள ஃபைலைப் பார்த்து, "இது யாருக்கு வேணும்? தூக்குங்க" என்றார் மேலாளர். தூக்கிவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு "சாப்பிட்டீங்களாம்மா?" என்று உங்கள் போனுக்கு வருமே, அதை அனுப்பியது நானில்லை, இதே சர்வரில் நான் எழுதிவைத்த புரோகிராம். அந்த ஃபைல் போனதும் அதற்கு நம் வீட்டு நேரம் தெரியவில்லை; கிரீன்விச் நேரத்து ஒரு மணியையே ஒரு மணி என்று எடுத்துக்கொண்டது. மூன்று நாளாகச் சாயங்காலம் ஆறரைக்குக் கேட்டிருக்கிறது. உங்கள் பதிலை நேற்றுதான் படித்தேன்: "இப்பதான்ப்பா தட்டு வச்சேன். நீ கேக்காம எப்படி எறங்கும்?"

ஃபைலைத் திரும்ப வைத்துவிட்டேன். புரோகிராமை அழித்துவிட்டேன். இனி நானே கேட்கிறேன்.

நம் வீட்டில் என் அலமாரியில் உள்ள பழைய கைக்கடிகாரத்தை அனுப்புங்கள். புது பேட்டரி போட்டு, நம் வீட்டு நேரத்திலேயே ஓடவிடுங்கள். கேன்டீனில் என் எதிர் நாற்காலியைத் தினமும் யாராவது எடுத்துப் போய்விடுகிறார்கள். தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஏதாவது இருக்கட்டும்.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள். நான் கேட்க மறந்தாலும் ஒரு மணிக்குச் சாப்பிட்டுவிடுங்கள் அம்மா.

உங்கள் சின்னவன்