இடது கால்வாய்

அண்ணாவுக்கு,

வீடு போன விஷயம் காதுக்கு வந்திருக்கும். அணை ஆபீஸில் நான் மழைக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்ததில், அணை தாங்காது என்று தெரிந்தது. தண்ணீரை வலது கால்வாயில் திருப்பினால் மருத்துவமனை மூழ்கும். இடது என்றால் நம் தெரு. முடிவு சொல்ல வேண்டியவள் நான்.

"எந்தப் பக்கம்மா?" என்றார் பொறியாளர்.

இடது என்றேன். தெருவில் எல்லோரையும் முன்பே வெளியேற்றிவிட்டோம். நீ கட்டிய மாடியும் சரிந்துவிட்டது.

அப்பா என்னுடன் இருக்கிறார். நேற்று சாப்பிடும்போது கேட்டார்: "நம்ம வீடு போகும்னு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்ப்பா."

"அது நம்ம வீடுன்னு ஆபீஸ்ல சொன்னியா?"

"இல்லப்பா."

"நல்லது. பாவம், அவங்க தடுமாறியிருப்பாங்க" என்று இன்னொரு கரண்டி சோறு கேட்டார்.

அவர் போன் தண்ணீரோடு போய்விட்டது. அவரிடம் பேச வேண்டுமென்றால் என் நம்பருக்குத்தான் கூப்பிட வேண்டும். எடுத்ததும் அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

தங்கை